பொம்பெய் இடிபாடுகளை கைடோட சுத்திப் பார்த்தேன். நம்ம வேலூர் கோட்டைக்கு இப்படி ஒருத்தர் வேணாமா?

#1 நேப்பிள்ஸ்ல_ஒரு_குடியாத்தம்

வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம். காட்பாடியில இன்ஜினியரிங் முடிச்சுட்டு இப்போ இத்தாலி நேப்பிள்ஸ்ல கெமிக்கல்ல முதுகலை. வெளிநாட்டு மாணவர்களையெல்லாம் சேர்த்து காலேஜ்ல பொம்பெய் கூட்டிட்டுப் போனாங்க. கூட வந்த கைடு அம்மாவைப் பத்தி எழுதணும்னுதான் இந்த இழையே. போட்டோ போடலை, அது யூடியூப்ல கொட்டிக் கெடக்கு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சு, நுரைக்கல்லும் சாம்பலும் பல மீட்டர் உயரத்துக்கு மூடிட்ட ரோமானிய ஊர். 1748ல தோண்ட ஆரம்பிச்சாங்க. மொத்தம் சுமார் 66 ஹெக்டேர், அதுல மூணுல ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கு. நேப்பிள்ஸ்லேர்ந்து லோக்கல் ரயில், இறங்கினா எதிர்லயே வாசல். ஐரோப்பிய யூனியன் பிள்ளைங்க 18லேர்ந்து 25 வயசுக்குள்ள இருந்தா ரெண்டு யூரோ டிக்கெட். நமக்கு முழு டிக்கெட். இந்த வயித்தெரிச்சலை இத்தோட விட்டுடறேன்.

வாசல் தாண்டினதும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, இந்த ஊர் எந்த மாசம் அழிஞ்சதுன்னு. எல்லாரும் ஆகஸ்ட் 24ன்னோம். அந்த வெடிப்பைக் கண்ணால பார்த்த இளைய பிளினிங்கற ரோமானியர் எழுதின கடிதத்தோட பிரதிகள்லேர்ந்து வந்த தேதி அது. ஆனா 2018ல ஒரு வீட்டுச் சுவத்துல கரியால கிறுக்கின எழுத்து கிடைச்சுது, அதுல அக்டோபர் 17க்கு ஈடான ரோமானியத் தேதி இருக்கு, வருஷம் இல்லை. கரி எழுத்து ரொம்ப நாள் நிக்காது, அதனால அந்த வருஷத்துதாவே இருக்கணும்னு சொல்றாங்க. இதையெல்லாம் சொல்லிட்டு அவங்க சேர்த்தது: அக்டோபர்னு நான் நம்பறேன், ஆனா அது என் கருத்து, தீர்ப்பு இல்லை.

அன்னைக்கு முழுக்க இதே கதைதான். ஒவ்வொரு இடத்துலயும் இது சான்று, இது ஊகம், இது கைடுங்க கட்டின கதைன்னு பிரிச்சுப் பிரிச்சு சொன்னாங்க. தெருவை மறிச்சு பெரிய பெரிய கல்லு வரிசையா நிக்கும், நடுவுல வண்டிச் சக்கரம் போக இடைவெளி. பொதுக் குழாய்லேர்ந்து வழியற தண்ணி, மழைத் தண்ணி, சாக்கடை எல்லாம் தெருவுலயே ஓடினதால மனுஷங்க கால் நனையாம கடக்க அந்தக் கல்லு. ரோட்டுப் பாறையிலயே சக்கரத் தடம் ஆழமா பதிஞ்சிருக்கு. சுவத்துல தேர்தல் விளம்பரம்! பழ வியாபாரிங்க எல்லாரும் சேர்ந்து இன்னாருக்கு ஆதரவுன்னு சிவப்பு மையில எழுதி வச்சிருக்கான். ஒரு ரொட்டிக் கடை அடுப்புல 81 ரொட்டி கரிக்கட்டையா கிடைச்சுதாம், எட்டுத் துண்டா கீறின வட்ட ரொட்டி.

கடைசியா அந்த உடம்புங்க. உண்மையில உடம்பு இல்லை, சாம்பல் இறுகினப்புறம் உள்ள உடல் மக்கிப் போய் விட்ட வெற்றிடம். 1863ல ஃபியோரெல்லிங்கறவர் அதுல பிளாஸ்டர் ஊத்தி வடிவத்தை எடுத்தார். தங்க வளையல் போட்ட ஒரு உருவம், மடியில குழந்தை. தாயும் சேயும்னு எல்லா கைடும் சொல்லி ஊரே அழுதிருக்கு. 2024ல மரபணு ஆராய்ச்சி வந்துச்சு. அது ஆம்பளை, அந்தக் குழந்தைக்கு சொந்தமே இல்லை. கைடு அம்மா சிரிச்சுக்கிட்டே, நானும் இத்தனை வருஷம் தாய்னுதான் சொல்லிட்டு இருந்தேன், இப்ப மாத்திட்டேன்னாங்க.

எனக்கு எரிச்சல் வந்தது அங்கதான். இங்க கிளம்பறதுக்கு முன்னாடி குடும்பத்தோட வேலூர் கோட்டைக்குப் போனோம். காசு வாங்கிட்டு கூட வந்தவர் சுரங்கம், முதலை, திப்பு ஒளிஞ்ச அறைன்னு அடிச்சு விட்டார். 1806 சிப்பாய்ப் புரட்சி பத்தி ஒரே வரி. நம்மகிட்ட இருக்கறதுக்கு ஏன் இப்படி ஒரு ஆள் இல்லை?

#2 காட்பாடி_ஜங்ஷன்

இன்னா தம்பி, இத்தாலி போயி ஒரு டூர் அடிச்சதும் ஊரு கொறையா தெரியுதா? சாமி இல்லாத கோயிலு, ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு நம்ம பெரியவங்களே சொல்லி வச்சிக்கிறாங்கோ. இதுக்கு மேல கைடு இன்னாத்த சொல்லப் போறான்?

#3 நேப்பிள்ஸ்ல_ஒரு_குடியாத்தம்

தம்பி இல்லைண்ணா, தங்கச்சி. ஊரைக் குறை சொல்லலை. அங்க சுவத்துல கிறுக்கினதுக்கு ஒரு மணி நேரம் பேசறாங்க, இங்க ஒரு கோட்டையே நிக்குது, பேச ஆள் இல்லை.

#4 ஓய்வு_வாத்தியார்_சத்துவாச்சாரி

அம்மாடி, நல்ல பதிவு. இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

பொம்பெய்க்கும் நமக்கும் ஒரு நூலிழை உண்டு. இளைய பிளினியின் தாய்மாமன் மூத்த பிளினி. இந்தியப் பொருள்களை வாங்கி ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் ரோமை விட்டுப் போகிறதே என்று புலம்பியவர் அவர். மிளகு, முத்து, மெல்லிய துணி ஆகியவற்றுக்காகப் போன பணம் அது. கடற்படைத் தலைவராக இருந்த அவர், எரிமலை வெடித்தபோது கப்பலோடு கரைப் பக்கம் போய், பொம்பெய்க்கு அருகிலிருந்த ஸ்டாபியே என்ற ஊரில் உயிர்விட்டார். நம் மிளகு விலைக்கு வயிறெரிந்தவரின் முடிவும் அதே சாம்பலில்தான். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஜங்ஷன் தம்பிக்கு: அந்தப் பழமொழியில் முதல் வரி இப்போது செல்லாது. ஜலகண்டேஸ்வரர் கோயில் பல நூற்றாண்டு வழிபாடின்றிக் கிடந்தது உண்மை. 1981 மார்ச்சில் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுபோய் வைத்து பூசை தொடங்கினார்கள். அந்த நாளின் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். பொம்பெய்க் கோயில்களில் இது நடக்காது.

#5 ஆற்காடு_மக்கன்பேடா

பொம்பெய்ல ஒரு லட்சுமி சிலை கிடைச்சுதே, யானைத் தந்தத்துல, அதைச் சொல்லவே இல்லையே தங்கச்சி? நம்ம தமிழன் செஞ்சு கப்பல்ல அனுப்பினது. அங்க மியூசியத்துல மறைச்சு வச்சிருக்கான். அப்புறம், கோட்டை சுரங்கம் கட்டுக்கதைன்னு யார் சொன்னது? விரிஞ்சிபுரம் வரைக்கும் போகுதுன்னு என் தாத்தா சொல்லிருக்கார்.

#6 நேப்பிள்ஸ்ல_ஒரு_குடியாத்தம்

அண்ணா, அந்தச் சிலை 1938ல கிடைச்சது, ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேல. இப்போ நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துல இருக்கு. நான் பார்த்தேன். ஆனா தமிழ்நாட்டுதுன்னு சொல்ல ஆதாரம் இல்லை. அதே மாதிரி உருவங்கள் மகாராஷ்டிராவுல போகர்தன், தேர்ங்கற ஊர்கள்ல கிடைச்சிருக்கு. அடியில இருக்கற குறி கரோஷ்டி எழுத்து, அது வடமேற்குப் பக்க எழுத்து. லட்சுமிதானான்னே சந்தேகம், யட்சியா இருக்கலாம்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க. கண்ணாடிக் கைப்பிடியா, மேசைக் காலா, அதுவும் விவாதம்தான்.

மறைச்சு வச்சிருக்காங்கன்னு நீங்க சொன்னதுல பாதி நிஜம்! ‘ரகசிய அறை’ன்னு ஒரு பகுதி இருக்கு, பொம்பெய்ல கிடைச்ச ஆபாசப் படம், சிலையெல்லாம் அங்கதான். இவளும் ஆடை இல்லாம நிக்கறதால அதுல சேர்த்துட்டாங்க. வீடியோ கால்ல அம்மாகிட்ட சொன்னேன், லட்சுமியை அந்த ரூம்லயா வப்பாங்கன்னு ரெண்டு நாள் புலம்பினாங்க.

#7 ஓய்வு_வாத்தியார்_சத்துவாச்சாரி

மக்கன்பேடா தம்பி, தமிழ்ப் பெருமைக்குச் சான்று வேண்டுமென்றால் அந்தச் சிலையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். எகிப்தில் செங்கடல் கரையில் குசைர் அல் கதீம் என்ற துறைமுகத்தில் ‘பானை ஒறி’ என்று தமிழி எழுத்தில் கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. கயிற்று உறியில் தொங்கவிட்ட சாதாரணப் பானை. எழுதியவன் யாரோ கப்பலாளாக இருக்கலாம். அது போதாதா?

சுரங்கம் குறித்து: விரிஞ்சிபுரம் வரை என்று என் பாட்டியும் சொன்னாள். அப்படி ஒன்று இருந்ததற்கு இன்றுவரை சான்று கிடைக்கவில்லை.

#8 கஸ்பா_பையன்

எல்லாரும் ஒண்ண மறந்துட்டுப் பேசறீங்க. பொம்பெய் செத்த ஊர். வேலி போட்டு, டிக்கெட் போட்டு, ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல உள்ள விடறதில்லைன்னு 2024லேர்ந்து சட்டமே போட்டுட்டான். வர்ற காசு பராமரிப்புக்குப் போகுது. அப்படியும் 2010ல அங்க ஒரு கட்டடம் பொலபொலன்னு சரிஞ்சு உலகமே கேள்வி கேட்டுச்சு. ரெண்டாம் உலகப் போர்ல 1943ல அதும்மேல குண்டே போட்டிருக்காங்க. அதனால அங்க எல்லாம் சொர்க்கம்னு நினைக்க வேணாம்.

நம்ம கோட்டை உயிரோட இருக்கு. கோயில்ல பூசை நடக்குது, சர்ச்ல ஆராதனை நடக்குது, பள்ளிவாசல் இருக்கு, மியூசியம் இருக்கு. காலையில வாக்கிங் போறவங்க, அகழிக் கரையில உட்கார்ந்து சுண்டல் தின்னறவங்க. எங்க வாப்பா நாப்பது வருஷமா அங்க நடக்கறார், அவருக்கு எந்தக் கல்லு எங்க பேர்ந்திருக்குன்னு தெரியும். ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

ஆனா தங்கச்சி சொன்ன திப்பு விஷயத்துல நான் அவங்க கட்சி. திப்பு அந்தக் கோட்டையில ஒளியவே இல்லை. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல அவர் ஷஹீத் ஆனப்புறம்தான் குடும்பத்தை இங்க கொண்டு வந்து வச்சாங்க. அந்தக் குடும்பத்து அம்மாக்களோட கல்லறைகள் கோட்டைக்கு வெளிய இன்னும் இருக்கு. கைடுங்க அங்க யாரையும் கூட்டிட்டுப் போறதில்லை.

#9 காட்பாடி_ஜங்ஷன்

பாய் சொல்றது கரீட்டு. சுண்டல் இல்லாத கோட்டை இன்னா கோட்டை.

#10 முள்ளு_கத்திரிக்கா

நான் அரசுப் பள்ளியில சமூக அறிவியல் டீச்சர். ஊர் பேரு வேணாம். வருஷா வருஷம் பிள்ளைங்களை கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறவ நான்தான், அதனால எனக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் சுடுது. 60 பிள்ளைங்க, கூட ரெண்டு டீச்சர், மதியத்துக்குள்ள திரும்பணும். ஒருத்தன் அகழிப் பக்கம் ஓடறான், ஒருத்திக்கு தலை சுத்துது. அந்த நேரத்துல சான்று எது ஊகம் எதுன்னு நான் எங்க நின்னு பேசறது? சுரங்கம்னு சொன்னாதான் பின்னாடி வர்றவன் வாயை மூடிட்டு வர்றான். இதுதான் நிஜம்.

வெளிநாட்டுல சம்பளம் வாங்கற லைசென்ஸ் கைடு. இங்க நாங்கதான் கைடு, நாங்கதான் வாட்டர் பாட்டில். குறை சொல்லாம, எந்த இடத்துல நிக்கணும், என்ன சொல்லணும்னு யாராவது எழுதிக் குடுங்க. அடுத்த தடவை செஞ்சு காட்டறேன்.

#11 நேப்பிள்ஸ்ல_ஒரு_குடியாத்தம்

டீச்சர், சுட்டிருந்தா மன்னிச்சுக்கங்க, உங்களைச் சொல்லலை. நீங்க கேட்டதுக்கு என்னால முடிஞ்சது: அந்த அம்மா எல்லா இடத்துலயும் நிக்கலை. அவ்ளோ பெரிய ஊர்ல பத்துப் பன்னிரண்டு இடத்துலதான் நின்னாங்க. ஒவ்வொண்ணுலயும் முதல்ல கேள்வி, அப்புறம் எங்களைத் தேட விட்டாங்க. ‘இந்தத் தெருவுல வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கிப் போச்சு, தடத்தைப் பார்த்துச் சொல்லுங்க’ன்னு. நாங்க எல்லாரும் குனிஞ்சு கல்லைப் பார்த்துட்டு இருந்தோம், அவங்க தண்ணி குடிச்சாங்க. 60 பிள்ளைங்களுக்கும் இது நடக்கும்னு நினைக்கறேன்.

கோட்டை விஷயம் வாத்தியார் சார்தான் எழுதணும்.

#12 ஓய்வு_வாத்தியார்_சத்துவாச்சாரி

டீச்சரம்மா, இதோ. நான் அழைத்துப் போனால் இந்த வரிசையில் போவேன். அளவுக்கு மீறி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அகழிக்கு வெளியே நின்று மதிலைப் பார்க்கச் சொல்லுங்கள். 16ஆம் நூற்றாண்டு, விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர் காலம். கட்டியவராகச் சின்ன பொம்மி நாயக்கர் பெயரைச் சொல்வார்கள். பிறகு பீஜப்பூர், 1678இல் மராட்டியர், அப்புறம் நவாபுகள், கடைசியில் ஆங்கிலேயர். பெயர்களை ஒப்பிக்க வேண்டாம். ‘இவ்வளவு பேர் ஏன் இதே கோட்டைக்கு அடித்துக்கொண்டார்கள்’ என்று கேளுங்கள். சுற்றியுள்ள மலைகளையும் பாலாற்று வழியையும் பார்த்து யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

இரண்டாவது, கோயிலில் கல்யாண மண்டபம். சன்னதிக்கு ஓடும் கூட்டம் இதைத் தவறவிடும். யாளித் தூண்களைச் சுற்றி வரச் சொல்லுங்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோடும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பாதியைக் கையால் மறைத்தால் யானை, மறுபாதியை மறைத்தால் காளை. அதைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு மிட்டாய்.

மூன்றாவதுதான் உயிர். 1806 ஜூலை 10, விடியாத இரவு. ‘சிப்பாய்க் கலகம்’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். முந்தைய ஆண்டு வந்த உத்தரவு: நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பதக்கம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே கல்லில் அடி. எதிர்த்தவர்களுக்குக் கசையடி. சிப்பாய்கள் எழுந்து வெள்ளையர் படைக் குடியிருப்பைச் சுட்டார்கள், கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட் இறந்தார், திப்புவின் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டுக்குச் செய்தி போய், அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தை ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே கடந்து வந்துவிட்டார். கதவு தகர்ந்தது. பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இறந்தவர் எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், நூற்றுக்கணக்கில் என்று சொன்னால் போதும். விளைவு: உத்தரவு போனது, கவர்னர் பெண்டிங்கை 1807இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முந்தைய நிகழ்வு.

இங்கேதான் அம்மாடி சொன்ன முறை வேலை செய்யும். திப்புவின் பிள்ளைகள் தூண்டினார்களா, சிப்பாய்களே எழுந்தார்களா? அன்றைய விசாரணையிலிருந்து இன்றைய ஆய்வாளர் வரை ஒத்த கருத்து இல்லை. பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடலாம், தப்பில்லை.

நான்காவது, நேரமிருந்தால் கண்டி மகால். இலங்கையிலுள்ள கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, இங்கே சிறையிருந்து 1832இல் இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவன் நினைவிடம். ராஜா இல்லாத கோட்டை என்ற பழமொழியை ஜங்ஷன் தம்பி அங்கே போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

#13 காட்பாடி_ஜங்ஷன்

சார், சரண்டர். யானை காளை சிற்பம் நான் பாத்ததே இல்ல சார். பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன்.

#14 ஆற்காடு_மக்கன்பேடா

வாத்தியாரே, கோட்டையோட நிறுத்திட்டீங்களே. எங்க ஆற்காட்டுல 1751ல கிளைவ் ஐம்பது நாள் முற்றுகை தாங்கின கோட்டை, அதுல மிச்சம் டெல்லி கேட். விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலையில சமணர் சிற்பம். சோளிங்கர் போற பக்கம் மகேந்திரவாடியில ஒரே பாறையில மகேந்திரவர்மன் குடைஞ்ச பெருமாள் கோயில், ‘மகேந்திர விஷ்ணு கிருகம்’னு கல்வெட்டே இருக்கு, பக்கத்துல அவன் பேர்ல ஏரி. இத்தாலிக்காரன் 79ல அழிஞ்சதைக் காட்டறான், நாம 1,400 வருஷம் நிக்கறதைக் காட்டலாம். (2019ல ராணிப்பேட்டை மாவட்டம் ஆயிட்டதால வேலூர்க்காரங்களுக்கு இதெல்லாம் கண்ணுல படறதில்லை போல.)

அந்த லட்சுமி விஷயம், சரி, மகாராஷ்டிராவாவே இருக்கட்டும். சுரங்கத்தை மட்டும் நான் விடமாட்டேன். தாத்தா பொய் சொல்ல மாட்டார்.

#15 முள்ளு_கத்திரிக்கா

சார், பிரிண்ட் எடுத்துட்டேன். மேல்பாடியையும் சேர்க்கலாமான்னு யோசிக்கறேன். ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை (நினைவுக் கோயில்) அங்க இருக்கு, வள்ளிமலை பக்கத்துலயே. ஒரே வண்டியில ரெண்டும் முடியும். கோட்டை ஒரு நாள், இது ஒரு நாள். வெள்ளிக்கிழமை கோட்டை அரசு மியூசியம் லீவுங்கறதை மறந்துட்டு பிளான் போடாதீங்கன்னு மத்த டீச்சர்களுக்கும் சொல்லிடறேன்.

#16 பேர்ணாம்பட்டு_தோல்கிடங்கு

இழையை இப்பதான் பாத்தேன். பாப்பா, பொம்பெய்ல தோல் பதனிடற இடம் ஒண்ணு இருக்கறதா எங்க இத்தாலி பையர் சொன்னான். நிஜமா? எங்க தாத்தா காலத்துல ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டு ஊறவச்சாங்க, அப்புறம் வாட்டில் பட்டை, அப்புறம் குரோம். அவனுங்க என்ன போட்டான்?

#17 நேப்பிள்ஸ்ல_ஒரு_குடியாத்தம்

நிஜம்தான் மாமா. எங்க டூர்ல அது வரலை, இடைவேளையில நானே கேட்டேன், கெமிக்கல்காரியாச்சே. ஊருக்குள்ளயே ஒரு தோல் பட்டறை, தரையில வரிசையா வட்டமான தொட்டிங்க, நீங்க சொல்ற பட்டைத் தொட்டி வகைதான். அவங்களும் மரப்பட்டைதான் போட்டாங்க. சாப்பாட்டு மேசை மேல பதிச்ச ஒரு மொசைக் அங்க கிடைச்சுது: நடுவுல மண்டை ஓடு, அது மேல கொத்தனாரோட மட்டப்பலகை, ஒரு பக்கம் ராஜா உடுப்பு, இன்னொரு பக்கம் பிச்சைக்காரன் பை. சாவு வந்தா ரெண்டும் ஒரே மட்டம்னு அர்த்தமாம். தோல் பட்டறை முதலாளி சோத்துக்கு முன்னாடி இதைப் பார்த்துட்டு சாப்பிட்டிருக்கார்!

#18 பேர்ணாம்பட்டு_தோல்கிடங்கு

அட்ரா சக்கை. நம்ம முதலாளிங்க டைனிங் டேபிள்ல ஒண்ணு போட்டா நல்லாத்தான் இருக்கும், நான் சொன்னதா சொல்லாதீங்க. மிலான் தோல் கண்காட்சிக்கு என் மச்சான் போறான். அங்கேர்ந்து இதைப் பாக்க முடியுமா? ரொம்ப தூரமா?

#19 நேப்பிள்ஸ்ல_ஒரு_குடியாத்தம்

வேக ரயில்ல அஞ்சு மணி நேரத்துக்குள்ள நேப்பிள்ஸ் வந்துடலாம் மாமா. மொசைக் பொம்பெய்ல இல்லை, நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துலதான், அந்தத் தந்தச் சிலை இருக்கற அதே கட்டடம். செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துடச் சொல்லாதீங்க, அன்னைக்கு அங்க லீவு.